விபத்தெல்லாம் வீட்டில்தான்

எங்கள் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து யாருக்கும் அடிபட்டதே கிடையாது. நம்பிக்கை இல்லையென்றால் வாசலில் மாட்டியிருக்கும் பலகையைப் பாருங்கள். 'விபத்தில்லாத நாட்கள்' என்று பச்சை எழுத்தில் போட்டு, கீழே பெரிதாக ஓர் எண் இருக்கும். அலுவலகம் திறந்ததும் மேலாளர் முதல் காரியமாக அந்த எண்ணை அழித்து, ஒன்று கூட்டி எழுதுவார். எழுதிவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்ப்பார். பேச்சுக்குப் பேச்சு 'பூஜ்யம் விபத்து, பூஜ்யம் புகார்' என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூஜ்யம். முதுகுக்குப் பின்னால்தான்.

நான் அங்கே சமையல்காரி. கீழ்த்தளத்தில் வயதானவர்களும் படுக்கையோடு கிடப்பவர்களும் இருப்பார்கள். மாடியில் குடும்பத் தகராறுகளுக்கு ஆலோசனை சொல்லும் பிரிவு. இரண்டுக்கும் ஒரே நிர்வாகம், ஒரே மேலாளர், ஒரே பலகை.

அப்படியானால் என் கை முழங்கை வரை வெந்தது எங்கே என்று கேட்பீர்கள். வீட்டில். டிரைவரின் விரல் வேன் கதவில் நசுங்கியது? அதுவும் வீட்டில். வேனை எப்போது வீட்டுக்குள் ஓட்டிக்கொண்டு போனார் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. துணி துவைக்கிறவள் ஈரத்தரையில் வழுக்கி மணிக்கட்டு பிசகியதும் வீட்டில்தான். அவள் வீட்டுத் தரை வழுக்க வேண்டுமென்றால் முதலில் யாராவது புண்ணியவான் அதற்கு டைல்ஸ் போட்டுக் கொடுக்க வேண்டும்.

பொய் சொல்லுங்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. புதிதாக வேலைக்கு வந்தவர் ஒருமுறை உண்மையைச் சொல்லிப் பார்ப்பார். மேலாளர் திட்டவே மாட்டார். தங்கமான மனிதர். பலகையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதில் எல்லோருடைய உழைப்பும் இருக்கிறது, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், இங்கேதான் ஆனதா என்று கேட்பார். யோசிக்க யோசிக்க அது வீட்டில் ஆனதாகத்தான் நினைவுக்கு வரும். அதன் பிறகு அடிபட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டு, தெருவில் இறங்கிய பிறகு 'ஐயோ' என்று கத்தப் பழகிவிடுவோம்.

இந்தப் பழக்கத்தால் ஒரு மனுஷன் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன். அவர் எங்கள் கிரேன் அக்காவின் வீட்டுக்காரர்.

கிரேன் அக்கா படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பவள், குளிப்பாட்டுபவள், திரும்பத் தூக்கிப் படுக்க வைப்பவள். ஆள் என் தோளுக்குத்தான் வருவாள். ஆனால் எந்த மூலையிலிருந்து "அக்கா, கொஞ்சம் தூக்குங்களேன்" என்று குரல் வந்தாலும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நிற்பாள். படுக்கையில் கிடக்கும் போஸ்ட்மாஸ்டர் ஐயாவைத் தூக்குவாள், அரிசி மூட்டையைத் தூக்குவாள், ஃபிரிட்ஜை நகர்த்துவாள். முடியாது என்ற சொல் அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. கிரேன் என்று கூப்பிட்டால் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமைக்கு எண்ணெய் ஊற்றியே நாங்கள் எல்லோரும் அவள் தலையில் மிளகாய் அரைத்தோம். இவ்வளவுக்கும் அவள் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

ஆள் தூக்குவதற்கு இயந்திரம் இல்லையா என்றால், இருக்கிறது. யாரோ பெரிய மனது வைத்து நன்கொடையாகக் கொடுத்தது. துணியில் ஆளை வைத்து அப்படியே மேலே தூக்கும். நாங்கள் அதைத் தொட்டில் என்போம். அது மேலாளர் அறையில், வந்த அன்றைய பிளாஸ்டிக் உறையோடு நிற்கிறது. நன்கொடையாளர் எப்போது வந்தாலும் புதுசு போல இருக்க வேண்டுமாம். வாரம் ஒருமுறை நான்தான் உறை மேலே படிந்த தூசியைத் துடைப்பேன். எங்கள் இல்லத்திலேயே நல்ல கவனிப்பில் இருந்த ஜீவன் அதுதான்.

'பாதுகாப்புக் கலாசாரம்' என்று ஒரு வகுப்புகூட நடந்தது. முதுகு நோகாமல் எப்படித் தூக்குவது என்று பயிற்சியாளர் செய்து காட்டினார். முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, ஓர் அட்டைப் பெட்டியை அழகாகத் தூக்கினார். காலிப் பெட்டி. அது அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கவும் இல்லை, பாதி வழியில் சிறுநீர் வருகிறது என்று சொல்லவும் இல்லை. எல்லோரும் கைதட்டினோம். முடிந்ததும் வகுப்புக்குப் போட்ட நாற்காலிகளையெல்லாம் அடுக்கித் தூக்கி வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

ஒரு நாள் காலை போஸ்ட்மாஸ்டர் ஐயாவைத் தூக்கும்போது அக்காவின் இடுப்பில் ஏதோ சொடுக்கியது. பக்கவாதம் வந்து படுத்தவர், நல்ல கனம். அக்கா அவரைக் கீழே விடவில்லை. நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நின்றாள். அவரைத் தூக்கிக்கொண்டு போகும் வழியில் கட்டிலின் இரும்பில் அவள் தோள் இடித்து நீலம் பாரித்துவிட்டது. ஐயா அழுதுவிட்டார். "எனக்கு ஒண்ணும் இல்லீங்கய்யா" என்று அவள்தான் அவரைத் தேற்றினாள்.

எதிர்த்த தெருவில் ஒரு டாக்டரம்மா. அக்கா அவரிடம் போய், வழக்கம்போல, வீட்டில் விழுந்துவிட்டேன் என்றாள். டாக்டரம்மா பழைய சீட்டுகளைப் புரட்டினார். முன்பு கை வீங்கி வந்ததும் வீட்டில், விலாவில் அடிபட்டு வந்ததும் வீட்டில். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். நானும் அவரும் மட்டும்தான் என்றாள் அக்கா. அவர் எப்படிப்பட்டவர் என்றார் டாக்டரம்மா.

"அவர் ரொம்ப சாதுங்க. கோவமே வராது."

"எல்லாரும் முதல்ல அப்படித்தாம்மா சொல்வாங்க" என்றார் டாக்டரம்மா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

அந்த நல்ல மனுஷி மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து, ஒரு பெண்ணைக் காப்பாற்ற நினைத்தார். அடுத்த நாளே ஆலோசனைப் பிரிவுக்குத் தகவல் அனுப்பிவிட்டார். எந்தப் பிரிவு? எங்கள் மாடியில் இருக்கிறதே, அதே பிரிவு!

அக்காவின் வீட்டுக்காரர் ஒரு தையல்காரர். ஊசிக்கு வலிக்குமோ என்று பார்த்துத் துணியில் குத்துகிற ஆள். கடைக்கு வரும் பெண்களை 'வாங்கம்மா' என்பதற்கு மேல் நிமிர்ந்து பேசத் தெரியாது. தினமும் வேலை முடிந்து வரும் மனைவியின் இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிடுகிறவரை, அந்த இடுப்பை உடைத்தவர் என்று கூப்பிட்டு விசாரித்தார்கள். உண்மை மேலாளருக்குத் தெரியாதா? போஸ்ட்மாஸ்டர் ஐயா அன்றைக்கே அவரிடம் சொல்லியாயிற்று. ஆனால் மறு மாதம் விருது வர இருந்தது. மாவட்டத்திலேயே பாதுகாப்பான பணியிடம் என்று எங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

மேலாளர் தையல்காரரைத் தனியே கூப்பிட்டுத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். இந்த நேரத்தில் பலகையில் கை வைத்தால் விருது போய்விடும், விருது போனால் யாருடைய வேலையும் நிரந்தரம் ஆகாது, முக்கியமாக அக்காவின் வேலை என்றார். மாடியில் வாரம் ஒருநாள் கோபத்தை அடக்கும் வகுப்பு நடக்கிறது, சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போங்கள், விஷயம் அதோடு முடிந்துவிடும் என்றார். அந்த அப்பாவி தலையாட்டிவிட்டார்.

அக்கா கேட்டுவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நானே போய் உண்மையைச் சொல்கிறேன் என்று கிளம்பியவளை அவர்தான் தடுத்தாராம்.

"விடு. அங்க ஃபேன் இருக்கு. கடையில இருக்கிறதுக்கு அது பரவாயில்ல. உன் வேலை நிக்கட்டும்."

இதை அக்கா என் அடுப்படியில் வந்து சொல்லிச் சொல்லி அழுதாள்.

வகுப்பில் நிஜமாகவே பெண்டாட்டியை அடித்துவிட்டு வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் எங்கள் தையல்காரர். கடைசியாக எதற்குக் கோபப்பட்டீர்கள் என்று ஆலோசகர் அம்மா ஒவ்வொருவராகக் கேட்டாராம். இவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, தைத்துக்கொண்டிருந்தபோது நூல் அறுந்தது என்றாராம். அப்போது என்ன செய்தீர்கள் என்றால், கோத்துக்கொண்டேன் என்றாராம். மனதில் இருப்பதை இன்னும் மறைக்கிறார் என்று ஆலோசகர் அம்மா வகுப்பை நீட்டித்துவிட்டார்.

அதற்குள் தெருவெல்லாம் பரவிவிட்டது. பெண்டாட்டி இடுப்பை உடைத்தவரிடம் எந்தப் பெண் ரவிக்கை அளவு கொடுக்க வருவாள்? கொடுத்திருந்த துணிகளையும் வாங்கிக்கொண்டு போனார்கள். பக்கத்துக் கடைக்காரர் பேச்சை நிறுத்தினார். தையல்காரர் வெறும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அக்காவோ காலையில் கீழே ஆளைத் தூக்குவாள். மாலையில் மாடிப்படியில் அவர் தலையைக் குனிந்துகொண்டு ஏறுவதைப் பார்ப்பாள். யாருக்காக அவர் ஏறுகிறார் என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் அவளைத் தின்றது.

விருது நாளும் வந்தது. கூடத்தில் நாற்காலி போட்டு, மேடை போட்டு, ஒலிபெருக்கி வைத்தார்கள். வாசல் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து மேடையில் நிறுத்தினார்கள். படுக்கைக்காரர்களையும் சக்கர நாற்காலியில் வரிசையாக உட்கார வைத்தார்கள். அவர்களைத் தூக்கி உட்கார வைத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. தொட்டிலும் உறையோடு மேடைக்கு வந்தது. ஆலோசகர் அம்மா வந்தார், டாக்டரம்மா வந்தார், விருது கொடுக்கத் தலைவர் என்று ஒருவர் வந்தார். அக்காவோடு தையல்காரரும் ஓர் ஓரமாக வந்து உட்கார்ந்திருந்தார்.

மேலாளர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பூஜ்யத்தைப் பற்றி இவ்வளவு பேச முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பேச்சு வேகத்தில் அவருக்கு இன்னொரு யோசனை உதித்துவிட்டது. எங்கள் அக்கறை பணியிடத்தோடு நிற்பதில்லை, ஊழியர்களின் வீடுகளிலும் நுழைகிறது, வன்முறையில் இருந்த ஒரு குடும்பத்தையே மீட்டிருக்கிறோம் என்றார். திருந்திய அந்த மனிதரை மேடைக்கு அழைக்கிறேன் என்று தையல்காரரைக் கைகாட்டினார்.

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆலோசகர் அம்மாவே திடுக்கிட்டுப் போனார். தையல்காரர் எழுந்து போனார். கூப்பிட்டால் போகிற ஆள். ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்து, இனி கை ஓங்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று ஒலிபெருக்கியை வாய்க்கு நேரே பிடித்தார் மேலாளர். தையல்காரர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அக்கா எழுந்தாள். சட்டென்று எழுந்துவிட அவளால் முடியாது. முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்து, இடுப்பில் ஒரு கையை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தாள். கூடம் முழுவதும் அவள் நிமிர்ந்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, அதைக் கீழ வச்சிட்டு இறங்குங்க" என்றாள் முதலில் அவரைப் பார்த்து. பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "இவர் என்னைத் தொட்டு அடிச்சதில்லீங்கம்மா. என் இடுப்பு போனது இங்க. போஸ்ட்மாஸ்டர் ஐயா கட்டில் பக்கத்துல. கை வீங்கினதும் இங்கதான், விலாவுல பட்டதும் இங்கதான். பொய் சொன்னது நான். அவமானப்பட்டது அவரு."

சக்கர நாற்காலியிலிருந்து போஸ்ட்மாஸ்டர் ஐயா, வாய் கோணினாலும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நிஜம்" என்றார்.

நான் கையைத் தூக்கி வெந்த தழும்பைக் காட்டினேன். இதுவும் இங்கேதான் என்றேன். டிரைவர் வளைந்த விரலைக் காட்டினார். துணி துவைக்கிறவள் மணிக்கட்டை நீட்டினாள். மேலாளர் ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், இங்கேதானா என்றார். பாவம், அவருக்கு வேறு வசனம் தெரியாது.

"யோசிச்சுட்டேன் சார்" என்றாள் அக்கா. "எங்க கல்யாணம் ஆன நாள்லேருந்து என் வீட்டுல ஒரு விபத்தும் நடக்கல. அந்தப் பலகையை இவர் தையல் கடையில கொண்டுபோய் மாட்டுங்க. அங்கதான் அது உண்மை."

தலைவர் எழுந்து போய்த் தொட்டிலின் உறையைத் தடவிப் பார்த்தார். டாக்டரம்மா தையல்காரர் முன்னால் போய்க் கைகூப்பினார். அவர் பதறிப்போய், பரவாயில்லை, நீங்கள் நல்லதைத்தானே நினைத்தீர்கள் என்றார்.

கூட்டம் கலைந்தது. மேடையில் பலகையும் மேலாளரும் மட்டும் மிச்சம். பலகை நல்ல தேக்குச் சட்டம், கனமானது. அதை அங்கிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இத்தனை வருடப் பழக்கம், வார்த்தை தானாக வந்துவிட்டது.

"அக்கா, இதைக் கொஞ்சம் தூக்குங்களேன்."

வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போயிருந்த அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"மாட்டேன் சார்" என்றாள். "அது ரொம்ப கனம்."