பூந்தமல்லியில் பேசித் தீர்ந்த கிணறு

பட்டாபிராமில் நாங்கள் மனை வாங்கியபோது அது பழைய வயல். அந்த வயலுக்குப் பாய்ச்சிய கிணறு பக்கத்து வீட்டுக்காரியின் மனைக்குள் போய்விட்டது. ஆனாலும் இரண்டு வீட்டுக்கும் அதுதான் தண்ணீர். மார்கழிக் காலைகளில் பனிக்குள் எதிரெதிரே நின்று வாளியை இறக்குவோம். அவள் முகம் தெரியாது. குரல் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து எழுவதுபோல வரும்.

ஒருநாள் அவள் கிணற்றுக்கும் எங்கள் மனைக்கும் குறுக்கே சுவர் எழுப்பிவிட்டாள். காரணம் சொல்லவில்லை. என் கணவர் கோபத்தில் நேராக வக்கீலிடம் போனார். மனை என் பெயரில் இருந்ததால் வழக்கும் என் பெயரிலேயே நடந்தது. வாய்தா வாய்தாவாக வருடங்கள் கரைந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் கிணற்று ராட்டினம் கிறீச்சிடும். அரைத் தூக்கத்தில் அது ஏதோ பறவை என்று தோன்றும்.

தொண்ணூறுகளின் நடுவில் வக்கீல் சொன்னார்: "இப்ப இதுக்குச் சட்டமே வந்துடுச்சும்மா. கோர்ட்டுல கெடக்கிற கேஸையும் மக்கள் நீதிமன்றத்துல பேசி முடிச்சுக்கலாம். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா அதுதான் தீர்ப்பு. அப்பீல் கிடையாது."

பூந்தமல்லி கோர்ட்டில் மக்கள் நீதிமன்றம் நடந்த அன்று மேடை இல்லை. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் எங்களோடு சாதாரண நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வெயிலில் தூசி மெல்ல மிதந்தது.

"ஏம்மா சுவர் வெச்சே?" என்று அவளிடம் கேட்டார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"எம் பொண்ணு கெணத்த எட்டிப் பாத்துகினு இருந்துச்சுக்கா. காலு ரெண்டும் தரையிலயே இல்ல. இழுத்துப் போட்டுட்டேன். உங்க ஊட்டுப் பசங்களும் அங்கதான ஆடும்? எம் பொண்ண நான் பாத்துக்குவேன், உங்க பக்கத்து வழிய அடச்சிட்டா கொஞ்சம் பயம் கொறையும்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் இருந்தேன். அதுக்குள்ள வக்கீல் நோட்டீஸு வந்துச்சு. நானும் வீம்பா இருந்துட்டேன்."

கிணற்று வாய்க்கு இரும்புக் கம்பி மூடி, சுவரில் ஒரு கதவு என்று முடிவாயிற்று. இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். ஆவடி தாண்டுவதற்குள் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எங்கள் நிறுத்தம் வந்தது. எனக்கு எழுப்ப மனம் வரவில்லை. கடைசி நிறுத்தம்வரை போய், மஞ்சள் வெயிலில் இருவரும் பேசிக்கொண்டே நடந்து வந்தோம்.