பல்லைக் கடித்த வரைபடம்

ஜூலை இரண்டாம் செவ்வாய், காலை ஆறரை. வலது விலாவில் ரவிக்கை உரசிய இடம் சுட்டதுபோல் எரிந்தது. மூன்றாம் நாள் கொப்புளங்கள் வந்தன: அக்கி. ஆகஸ்டில் புண் ஆறியது; எரிச்சல் ஆறவில்லை. நரம்பு வலி (புண் ஆறிய பிறகும் நரம்பு எரிகிறதென்று சொல்லிக்கொண்டே இருப்பது) என்றார்கள். அன்றிலிருந்து மணிக்கு மணி, வலி பத்துக்கு எத்தனை என்று நோட்டில் குறிக்கிறேன். தீராத வலியுள்ள உங்களில் சிலரிடமும் இப்படியொரு நோட்டு இருக்கும்.

ஜனவரியில் அடையாற்றில் ஒரு சிகிச்சை மையத்தில் சேர்ந்தேன். எட்டு வாரம் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி (வலியை விரட்டாமல், மூச்சைப்போல அதையும் கவனித்திருப்பது). தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என இரண்டு இ.இ.ஜி. (தலையில் சிறு வில்லைகள் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவது).

கடைசி நாளில் மருத்துவர் இரண்டையும் திரையில் அருகருகே வைத்தார். முதலாவதில் கோடு முழுக்கக் கருவேல முள். இரண்டாவது சீரான அலை.

"மூளை நல்லா அமைதியாயிருக்கும்மா. வலி மாத்திரையைப் பாதியாக்கிடலாம்."

"இப்பவும் வலி ஏழு, டாக்டர்."

"ஏழுன்னே சொல்லிப் பழகியிருக்கலாம்."

முன்பு ஒருமுறை பாதியாக்கியபோது நான்கு நாள் என்னால் ரவிக்கை போட முடியவில்லை. ஆனால் கூட வந்த தங்கை ஸ்டெல்லா மருத்துவர் பக்கம். மாத்திரை மயக்கத்தில் குளியலறையில் விழுந்த என்னைத் தூக்கியவள் அவள்.

"மிஷின் உங்கிட்ட பொய் சொல்லி அதுக்கு என்னக்கா கிடைக்கப்போகுது? உன் நோட்டு என்ன பைபிளா?"

நோட்டில் முதல் பதிவு நாளின் பக்கத்தைத் தேடினேன். வில்லை ஒட்டிய டெக்னீஷியன் ரேவதி சொன்னது நேரத்தோடு இருந்தது. 11.10: "ஆன்ட்டி, பல்லைக் கடிக்காதீங்க." 11.25: மறுபடியும் அதே. இரண்டாம் பதிவு நாளில் அப்படி ஒரு வரியும் இல்லை.

பக்கத்தைக் காட்டினேன். மருத்துவர் ரேவதியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஆமா சார், அந்த முள்ளெல்லாம் தாடைத் தசைதான், மூளை இல்ல. அன்னிக்கு ஆன்ட்டி என்னையே கடிச்சுடுவாங்கன்னு பயந்துட்டேன்."

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். மருத்துவர் சிரிக்கவில்லை. முதல் படத்தைச் சுட்டினார். "இதை வச்சு ஒப்பிடக்கூடாது. மாத்திரை அப்படியே இருக்கட்டும்," என்று சீட்டைத் திருத்தினார். குளியலறைச் சுவரில் கைப்பிடி வைக்கும்படி ஸ்டெல்லாவிடம் சொன்னார்.

பேருந்து நிறுத்தத்தில் பகல் ஒரு மணிக்குரிய கட்டத்தை நிரப்ப நோட்டைத் திறந்தேன். கை தானாக ஏழு போடப் போனது. நிறுத்தினேன். வாதாடிய அந்த அரைமணியில் விலா எரிந்ததா? தெரியவில்லை. பயிற்சியின் பலன் என்று எழுத என்னிடம் சான்றில்லை. முந்தைய பக்கங்களைப் புரட்டினேன்: ஏழு, ஏழு, ஏழு. இவற்றில் எத்தனை விலா சொன்னவை, எத்தனை கை எழுதியவை?

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். பேருந்தில் ஏறிச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியபோது எரிந்தது. மணி 1.20. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஐந்து என்று எழுதினேன்.