வெறும் வெளிச்சம்

என் வீட்டுக்காரர் ஹைதராபாத்தில் ஒரு சின்னப் பத்திரிகைக்கு ஃபோட்டோகிராபர். வாரத்துக்கு ஒரு பிலிம் ரோல்தான் ஆபீஸில் கொடுப்பார்கள். ஆனால் கேமராவைக் கண்டால் இந்த ஊரில் அத்தனை பேரும் முன்னால் வந்து நிற்பார்கள். மாட்டேன் என்றால் சண்டை. அதற்கு இவர் ஒரு வழி வைத்திருந்தார். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, ஃபிளாஷின் பின்னால் இருக்கும் பொத்தானை மட்டும் அமுக்குவார். பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும், பிலிம் நகராது. நின்றவர் சந்தோஷமாகப் போவார். அதற்கு நான் ‘ஆசீர்வாதம்’ என்று பெயர் வைத்திருந்தேன்.

வேலை நிரந்தரமாகாத சமயம் அது. புதுக் கேமராவோடு இன்னொருவன் ஆபீஸைச் சுற்றிக்கொண்டிருந்தான். “இந்த வாரம் ஒரு கம்ப்ளெயிண்ட் வந்தாலும் திங்கக்கெழமை வர நக்கோ, வரவே வேணாம்” என்று எடிட்டர் சொல்லிவிட்டார். இவருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு இறங்கியது. அவர் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

வாரம் குகட்பள்ளியில் ஆரம்பித்தது. புதுக் காலனியில் மந்திரி தண்ணீர்க் குழாயைத் திறந்தார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. மந்திரி அசரவில்லை, கையைக் குழாயடியில் நீட்டிக்கொண்டே சிரித்தார். இவரும் படம் எடுத்தார். மறுநாள் பேப்பரில் பார்த்தவர்களுக்குத் தண்ணீரே தெரிந்ததாம். அப்புறம் ஒரு ஃபேக்டரியில் ரிட்டயர்மென்ட். மாலை ஒன்றுதான், ரிட்டயர் ஆனவர்கள் நாலைந்து பேர். ஒருவர் கழுத்திலிருந்து கழற்றி அடுத்தவருக்குப் போட்டார்கள். கடைசி ஆளுக்கு வந்தபோது நாரும் வாசமும்தான் மிச்சம். பழைய ஹைதராபாத்தில் ஒரு பயில்வான், “இன்னும் ஒண்ணு பாய், இந்தக் கைக்கும் ஒண்ணு” என்று திரும்பித் திரும்பி நின்றார். அவருக்கு உடம்பு முழுக்க ஆசீர்வாதம்.

வெள்ளிக்கிழமை ஏ.எஸ்.ராவ் நகரில் பெண்கள் சங்கத்துச் சமையல் போட்டி. பெண்களை வரிசையில் நிறுத்த என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ரோலில் மிச்சம் கொஞ்சம்தான். நீலப் பட்டுக் கட்டிய ஒரு அம்மாள் புளியோதரைத் தட்டோடு எங்கே திரும்பினாலும் முன்னால் வந்து நின்றார். பரிசும் வாங்கவில்லை. இவர் சலிக்காமல் ஆசீர்வாதம் செய்தார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மறுநாள் ஆபீஸ் பியூன் வீட்டுக்கே ஓடிவந்தான். “சார், முதலாளி வீட்டம்மா போட்டோ நாளைக்குப் பேப்பர்ல வரணுமாம். அதான் சார், நீலப் புடவை, புளியோதரை.”

இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“போச்சு. வேலை போச்சுடி.”

“எழுந்திருங்க. கடையில ஒரு ரோல் வாங்கி மாட்டிக்கிட்டு வாங்க. பேசறது நான்.”

இவரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். முதலாளி வீட்டம்மா சித்தூர்க்காரர், தமிழ் சரளம். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“உங்க படம் ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. அதான் தொல்லை. பக்கத்துல நின்னவங்க மூஞ்சியெல்லாம் வாடின கத்திரிக்கா மாதிரி தெரியுது. பேப்பர்ல போட்டா உங்க சங்கமே ரெண்டாயிடும். அதான், தனியா ஒண்ணு எடுத்துடலாமான்னு…”

“முடிச்சிட்டியா?”

“முடிச்சிட்டேன்மா.”

“எத்தனை போட்டோக்காரங்களைப் பாத்திருக்கேன் நான்? நேத்து வெளிச்சம் வந்துச்சு, ‘டிக்’குனு சத்தம் வரல. எனக்குக் காது நல்லாவே கேக்கும்மா.”

நான் பீன்ஸ் தட்டை என் பக்கம் இழுத்து நறுக்க ஆரம்பித்தேன்.

“உன் வீட்டுக்காரரை உள்ள வரச்சொல்லு.”

கோழிக் குஞ்சைப் பிடித்த மாதிரி கேமராவைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் நீலப் பட்டை மறுபடி கட்டிக்கொண்டு, வெறும் தட்டை ஏந்தி நின்றார். “எனக்கு ‘டிக்’ கேக்கணும்” என்றார். கேட்டது. இவர் பயத்தில் இன்னும் இரண்டு டிக் சேர்த்தே கொடுத்தார்.

“வேலை உங்களுக்குத்தான், வீட்ல நான் சொல்லிக்கிறேன். ஆனா நாளைக்கு எங்க நாத்தனார் வராங்க. எந்த விசேஷத்துலயும் என்னை இடிச்சுத் தள்ளிட்டு முன்னால நிப்பாங்க. எனக்குப் பண்ணினீங்களே, அதை அவங்களுக்கு நெறையப் பண்ணணும்.”

“ஹவ், சரிம்மா” என்றார் இவர்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நாத்தனாரை ஊஞ்சலில், துளசி மாடத்தில், கார் பக்கத்தில் எல்லாம் நிறுத்தி மனசாரச் செய்துவிட்டு வந்தார். அடுத்த வாரமே வேலை நிரந்தரமானது. புதுக் கேமராக்காரன் வேறு பத்திரிகைக்குப் போனான். நாத்தனார் அம்மாள் மட்டும் தன் படம் வரும் என்று தினமும் விடியற்காலையில் பேப்பர் பையனுக்காக வாசலில் நின்றாராம்.