எண்ணூறு கேம்களின் சொந்தக்காரர்

தன் பேட்டரிக் கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டுக் கணினிக்கு முன்னால் குனிந்திருக்கிறார் ஆர்செனியோ வில்லால்பா. வெளியே சான் லொரென்சோ நகரத்தின் வியாழக்கிழமை நண்பகல் புகை கக்கிக்கொண்டிருக்கிறது. பேட்டரி செத்துப்போன சரக்கு வண்டிக்காரர் ஒருவர் கதவைத் தட்டுகிறார். "கொஞ்சம் பொறுங்க, ஒரு அவசர வேலை," என்று உள்ளிருந்தே குரல் கொடுக்கிறார் ஆர்செனியோ. அவசர வேலை வேறொன்றுமில்லை. கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடை ஒன்று ஒவ்வொரு வியாழனும் இந்நேரத்தில் ஒரு கேமை இலவசமாகக் கொடுக்கும். அடுத்த வியாழன் வரை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் அதற்குள் தீர்ந்துவிடுமோ என்று அவருக்குப் பயம்.

பொத்தானை அமுக்குகிறார். விலை எழுதிய இடத்தில் ஒரு பூஜ்யம். பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல அதைச் சிறிது நேரம் பார்க்கிறார். ஐஸ் போட்ட தெரெரே மூலிகைத் தேநீரை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டுத்தான் கதவைத் தூக்குகிறார்.

வியாழன்தோறும் ஒன்று, பண்டிகைக் காலங்களில் தினம் சில என்று பல வருடங்களாக இப்படிச் சேர்ந்தவை எண்ணூற்றுச் சொச்சம். விளையாடியது ஒன்று: லாரி ஓட்டும் கேம். மற்றவற்றை இறக்கிக்கூடப் பார்த்ததில்லை. இந்த வாரம் வந்தது, பனிமலையில் ஒரு துறவி தேனீ வளர்ப்பது. பக்கத்துக் கடையில் டயர் ஒட்டும் சிரிலோ கேட்டார்: "அதுல என்னய்யா பண்ணணும்?"

"அது எதுக்குத் தெரியணும்? சும்மாதானே வந்துச்சு."

ஆர்செனியோவின் கடை வாசலிலும் ஒரு பலகை தொங்குகிறது: 'பேட்டரி பரிசோதனை இலவசம்'. முள் ஆடும் மீட்டரை வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "நாளைக்கே நடுரோட்டுல நிக்கும்," என்று சொல்வதுதான் பரிசோதனை. அதற்கு வந்தவர்கள் புது பேட்டரி இல்லாமல் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. இலவசம் என்ற சொல் எதற்குப் பயன்படும் என்பதை இந்தத் தெருவிலேயே நன்கு அறிந்தவர் அவர். இணையக் கடை மட்டும் தருமத்துக்குக் கொடுக்கிறது என்பது அவருடைய திடமான நம்பிக்கை.

"அந்தக் கடைக்காரனும் உன்னை மாதிரிதான்னு தோணலையா?" என்று சிரிலோ கேட்டதுண்டு.

"அவன் பெரிய இடம்யா. நான் பொழைக்கணும்ல."

சில வாரக்கடைசிகளில் காசுக்கு விற்கும் கேமைக் கடை சும்மா திறந்துவிடும், ஞாயிறு இரவு பூட்டிவிடும். அந்த நாட்களில் ஆர்செனியோ தூங்குவதில்லை. கேமில் வரும் கோட்டையின் வாசல் வரை போய்ச் சேர்ந்திருப்பார், பூட்டு விழும். "வாசலைப் பாத்தாச்சு, உள்ள என்ன பெருசா இருக்கப் போவுது," என்று திங்கட்கிழமை சிப்பா ரொட்டியைக் கடித்துக்கொண்டே சொல்வார். விரும்பியவற்றைக் குறித்துவைக்கக் கடை கொடுத்த பட்டியலில் இருநூறு பெயர்களைச் சேர்த்திருக்கிறார். அவற்றில் ஒன்றைத் தொண்ணூறு விழுக்காடு தள்ளுபடியில் போட்டபோதும் வாங்கவில்லை. "இன்னும் பத்து பாக்கி இருக்கே," என்றார்.

காசு கொடுப்பவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். சிரிலோ ஒருமுறை, தான் ஆடும் கேமில் வரும் சிப்பாய்க்கு இறகு வைத்த தொப்பி ஒன்றை விலைக்கு வாங்கினார். வாரம் முழுவதும் தெருவுக்கே சொல்லிச் சிரித்தார் ஆர்செனியோ. "உன் மண்டை வெயில்ல வேகுது. பொம்மைக்குத் தொப்பி கேக்குதா?"

"என் மண்டையை யாருய்யா பாக்குறா?" என்றார் சிரிலோ.

கடை கொடுப்பவற்றில் ஆர்செனியோவுக்கு ஆகப் பிடித்தது குடும்பத் திட்டம். ஆறு பேர் ஒரு குடும்பமாகச் சேர்ந்துகொள்ளலாம். ஒருவருடைய கேம்களை மற்றவர்களும் ஆடலாம். தலைவர் ஆர்செனியோ. சிரிலோ ஓர் உறுப்பினர். விட்டுப் பிரிந்த மனைவி சுனில்டாவின் தம்பி இன்னோர் உறுப்பினர். எப்படி வெளியேறுவது என்று தெரியாததால் இருக்கிறான். பிறகு மகள் யானினா. தாயோடும், தாயின் இரண்டாவது கணவரான பல் மருத்துவரோடும் என்கார்னசியோன் நகரில் இருக்கிறாள். வயது பதினைந்து என்பதால் திட்டத்தில் அவள் 'குழந்தை'. குழந்தை எதையாவது வாங்க நினைத்தால் தலைவரின் கைபேசியில் மணி அடிக்கும். அவர் ஒப்புக்கொண்டு காசு கட்டவேண்டும், அல்லது மறுக்கவேண்டும்.

அப்பாவுக்கும் மகளுக்கும் இடையே ஒழுங்காக நடந்துவந்த பேச்சு அந்த மணி ஒன்றுதான். அது அடிக்கும்போதெல்லாம் அவர் முகம் மலரும். மலர்ந்த முகத்தோடு மறுப்பார். "பொறும்மா, சும்மா வரும்," என்று எழுதி அனுப்புவார். சிலது வரவும் செய்தன. உடனே கூப்பிட்டு, "பாத்தியா, அப்பா சொன்னேன்ல?" என்பார்.

"அது பழசுப்பா. இப்ப யாரும் ஆடுறதில்ல."

ஜூலை விடுமுறை தொடங்கிய வெள்ளிக்கிழமை அவளே கூப்பிட்டாள்.

"அப்பா, என்னை எடுத்து விடு."

"எங்கேருந்து?"

"உன் குடும்பத்துலேருந்து. நானா வெளிய போக முடியாதாம், நீதான் எடுக்கணுமாம். இங்க புதுசா ஒண்ணு ஆரம்பிக்கிறோம். ராமிரோ எனக்கு இடம் வச்சிருக்காரு."

"பல்லுக்காரனா?"

"அவருக்குப் பேர் இருக்கு."

"அவன்கிட்ட எத்தனை கேம் இருக்கு?"

"மூணு."

ஆர்செனியோ வாய்விட்டுச் சிரித்தார். "மூணா? இங்க எண்ணூறு இருக்கும்மா."

"தெரியும். அந்த மூணு நாங்க ஆடுறது."

அவர் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். "போனா ஒரு வருஷத்துக்குத் திரும்பி வர முடியாது. கடையோட சட்டம். தெரியும்ல?"

"தெரியும். அந்தப் படகு கேமை எத்தனை தடவைப்பா கேட்டேன்? என் செட்டு மொத்தமும் அதுக்குள்ளதான் இருக்கு. நான் மட்டும் வெளிய நிக்கிறேன்."

"அது சும்மா வரு..."

"அப்பா." ஒரு மூச்சுவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாக்குறேன். வாங்கிக் குடுத்தா உன் குடும்பத்துலயே இருக்கேன். இல்லாட்டி எடுத்து விட்ரு."

மறுநாள் பதினொன்றரை மணிக்குச் சிரிலோவின் கடையில் போய் நின்றார். சிரிலோ டயர்க் குழாயைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த கேம் கடையில காசு எப்படிக் கட்டுறது?"

சிரிலோ குழாயை விட்டுவிட்டார். "யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"கிண்டல் பண்ணாம வாய்யா."

ஆர்செனியோவின் கணினிக்கு முன்னால், அவருடைய வங்கிக் கார்டில் இருந்த எண்களைச் சிரிலோ படித்தார். ஆர்செனியோ ஒற்றை விரலால் தட்டினார். இருமுறை தப்பாகத் தட்டினார். மூன்றாம் முறை நிறுத்தி, "தள்ளுபடி எப்ப வருமாம்?" என்று கேட்டார்.

"உன் பொண்ணு எப்பப் போறாளாம்?"

அமுக்கினார். பூஜ்யம் இருக்கவேண்டிய இடத்தில் வேறு எண்கள் நின்றன. சிறிய பேட்டரி ஒன்றின் விலையில் பாதிகூட இல்லை. இருந்தும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவர்போலப் பின்னால் சாய்ந்தார். உடனே யானினாவிடமிருந்து செய்தி வந்தது: 'வந்துடுச்சுப்பா. படகுல ஏறிட்டேன்.'

ரசீதின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. விளையாடிய நேரம் இரண்டு மணிக்குள் இருந்தால் காசு கட்டியவர் அதைத் திரும்பக் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆர்செனியோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"வேணாம்யா," என்றார் சிரிலோ.

"சும்மா படிக்கிறேன்."

"நீ படிக்கிற மூஞ்சி இல்ல அது," என்று சொல்லிவிட்டுச் சிரிலோ தன் குழாய்க்குத் திரும்பினார்.

மதியம் தெரு தூங்கியது. ஆர்செனியோ வீட்டுக்குப் போகவில்லை. திரையின் ஒரு பக்கத்தில் 'யானினா விளையாடிக்கொண்டிருக்கிறாள்' என்ற வரி, அதன் அருகே ஏறிக்கொண்டிருக்கும் நேரம். மறுபக்கத்தில் திரும்பக் கேட்கும் பொத்தான், நீலமாக; இரண்டு மணி தாண்டினால் அது அணைந்துவிடும். திரும்பக் கேட்டால் காசு வரும், கேம் போகும், அதன் பின்னாலேயே பெண்ணும் போவாள். இது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அவருடைய கைக்குத்தான் தெரியவில்லை.

ஒரு மணி நேரம் கடந்தது. இன்னொரு மணியிலும் பெரும்பகுதி கரைந்தது. அவள் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை போலும். பொத்தான் இன்னும் நீலமாகவே இருந்தது. கை மவுஸின் மேல் போய் உட்கார்ந்தது. எடுத்தார். மவுஸை மேசையின் கோடிக்குத் தள்ளினார். கை அதன் பின்னாலேயே போனது. பிறகு ஆர்செனியோ இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி, தன் முழுக் கனத்தையும் அவற்றின் மேல் வைத்து, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்.