குணசீலத்துக்கு முசிறி டிக்கெட்

அறுபதுகளின் தொடக்கத்தில், திருச்சியிலிருந்து பஸ்ஸில் குணசீலம் போகிறவர்களில் பாதிப் பேர் முசிறிக்குத்தான் டிக்கெட் கேட்பார்கள். அந்த ஊர்ப் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள் தங்கினால் மனநோய் தீரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் 'குணசீலம்' என்று வாய்விட்டுக் கேட்டால் முன் சீட்டுக்காரர் திரும்பி, நம்மில் யாருக்குப் புத்தி பிசகு என்று ஆராய ஆரம்பித்துவிடுவார். நானும் வாராவாரம் முசிறிக்குத்தான் வாங்கினேன். கண்டக்டர் நல்ல மனிதர். குணசீலம் வந்ததும் காவிரிப் பக்கம் பார்த்துக்கொண்டு, "முசிறி எல்லாம் இங்கேயே இறங்கிக்குங்க" என்பார்.

நான் பார்க்கப் போனது என் அண்ணனை. கணக்கு வாத்தியார். ஒருநாள் பாதிக் கணக்கில் சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், திரும்பப் போகவில்லை. யாரோ கூப்பிடுகிறார்கள் என்பார். சில நாள் சுவரோடு வாதாடுவார், சில நாள் ஒரு சொல் இருக்காது. அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மா அண்ணனைத் தென்னூர் வீட்டின் பின்னறையில் ஆறு வருஷம் வைத்துக்கொண்டு, "பெரியவன் பம்பாயில வேலையா இருக்கான்" என்று சொல்லிவந்தாள். தெருவுக்கே உண்மை தெரியும். இருந்தாலும் எதிர்வீட்டு அம்மாள், "பம்பாயில மழை எப்படியாம்?" என்று விசாரிப்பார். "நல்ல மழையாம்" என்பாள் அம்மா, ஜன்னலைச் சாத்திக்கொண்டே. அப்படி ஒரு பொய்யைச் சேர்ந்து தூக்கிப் பிடித்த தெருவை அப்புறம் நான் எங்கேயும் பார்த்ததில்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக்கடையில் வேலை. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து ஒரு இடம் வந்தது. பெண் பார்க்கப் போனபோது நான் பஜ்ஜிக்குக் கை நீட்டத் தயங்கியதைக் கவனித்து, அவள் ஒற்றை விரலால் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். அந்த விரலுக்காக நான் காவிரியை நீந்தியே கடந்திருப்பேன், நீச்சல் தெரிந்திருந்தால். நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்கு மூத்தவர் 'பம்பாயிலிருந்து' வந்து நின்றாக வேண்டும். அதற்குள் குணமாகட்டும் என்று அம்மா அண்ணனை அழைத்துக்கொண்டு குணசீலத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டாள்.

பத்தாம் நாள் நான் போயிருந்தேன். உச்சிக்கால பூஜை முடிந்ததும் நோயாளிகளை வரிசையாக உட்காரவைத்து முகத்தில் தீர்த்தம் அடிப்பார்கள். அண்ணன் உட்கார்ந்திருந்தார். நான் சற்றுத் தள்ளி, யாரோ போல நின்றேன். அப்போது அர்ச்சனைத் தட்டோடு உள்ளே நுழைந்தார் ஒருவர். பெண்ணின் தாய்மாமன்.

என் மூளை ரொம்ப வேகமானது. தப்பான பக்கம் போவதில் அதை யாரும் மிஞ்ச முடியாது. ஒளிந்துகொள்ள நல்ல இடம் என்று எனக்குத் தோன்றியது நோயாளிகள் வரிசை. அண்ணன் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். தீர்த்தம் பளாரென்று முகத்தில் விழுந்தது. அலறிவிட்டேன். அந்த வரிசையில் அன்று அலறியது நான் ஒருவன்தான்.

அண்ணன் தன் துண்டால் என் முகத்தைத் துடைத்தார். "தண்ணிதான்டா. பயப்படாதே."

தாய்மாமன் தட்டோடு எங்கள் முன்னால் நின்றார். "இவர் உங்களுக்கு..."

"தம்பிங்க. சட்டுனு பயந்துக்குவான். மத்தபடி தங்கம்."

"அப்ப நீங்கதான் மூத்தவரா? லீவு போட்டுட்டு வந்தீங்களாக்கும்."

"வந்து பத்து நாளாச்சுங்க" என்றார் அண்ணன். பொய் சொல்லத் தெரியாதவர்.

நான் பேச முயன்றேன். பல் தந்தியடித்தது. "எனக்கு ஒண்ணுமில்லைங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று மூன்று தரம் சொன்னேன். அந்த இடத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

அதிலிருந்து நாலாம் நாள் தரகர் வந்து, "கொஞ்சம் தள்ளிப்போடலாம்னு சொல்றாங்க" என்றார். நான் நேராக ஸ்ரீரங்கம் போனேன். சொல்ல வேண்டியதைப் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டேன்: உடம்பு சரியில்லாதது எனக்கில்லை, அண்ணனுக்கு.

பெண்ணின் அப்பா நாற்காலி போட்டு, குழந்தையிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். "காப்பி. சூடா. இருக்கு. மெதுவா. சாப்பிடுங்க." வெற்றிலைத் தட்டிலிருந்த பாக்குவெட்டியை ஒரு கை வந்து சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போயிற்று.

"உங்க அண்ணனைப் பத்தி மச்சான் சொன்னாருங்க" என்றார். "அவ்வளவு தூரத்துலேருந்து வந்து, தம்பி மூஞ்சியைத் தொடைச்சு விட்டாராமே. இந்தக் காலத்துல யாருங்க செய்வா?"

ஆறு வருஷத்தில் வெளியார் ஒருவர் என் அண்ணனைப் பற்றி நல்லதாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒத்திகை பார்த்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். "ஆமாங்க. அவரு தங்கமானவரு" என்று சொல்லி எழுந்துவிட்டேன். இதைத் தியாகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாக்குவெட்டி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்ததில் வாக்கியம் மறந்துபோயிற்று என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் குணசீலத்தில் காவிரியில் குளித்துக்கொண்டிருக்கும்போது அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றவர் ஒரு முழுக்குப் போட்டு எழுந்தார்.

"பொண்ணை உனக்குப் பிடிச்சிருந்துதா?"

"ம்."

அறைக்கு வந்து போஸ்ட் கார்டு கேட்டார். கரும்பலகையில் எழுதும் அதே முத்து முத்தான கையெழுத்து. 'ஐயா, குணசீலத்தில் சிகிச்சைக்கு இருப்பவன் நான். ஆறு வருடமாக எனக்கு மனம் சரியில்லை. பம்பாய் என்பது பொய். தம்பிக்குப் பயத்தைத் தவிர ஒரு நோயும் கிடையாது.'

"கார்டுல எழுதாதடா" என்றாள் அம்மா. "தபால்காரன் படிப்பான்."

"படிக்கட்டும்மா."

பதில் எங்கள் தென்னூர் விலாசத்துக்கு, அண்ணன் பெயருக்கு, உறையில் வந்தது. பிரிக்காமல் குணசீலம் கொண்டுபோனேன். பஸ்ஸில் அதைச் சட்டைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் உறை நனைந்தே போயிற்று. அண்ணன் பிரித்து உரக்கப் படித்தார்.

'தம்பியின் வாழ்வுக்காக வியாதியைத் தங்கள்மேல் போட்டுக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். கண்ணில் நீர் வந்துவிட்டது. இவ்வளவு தெளிவாக எழுதுகிறவருக்கா மனக்கோளாறு? பெண்ணைக் கொடுக்க முடியாத நிலையில் இருக்கிறோம், மன்னிக்கவும். எங்கள் வீட்டில் இப்போது தங்களைப் பற்றித்தான் பேச்சு.'

இரண்டாம் முறை மனசுக்குள் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தப்புப் பண்ணிட்டேன்டா. கோணல்மாணலா எழுதியிருக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் வயிற்றிலிருந்து, இருமலும் சிரிப்புமாக. கல்யாணம் போன துக்கத்தில் இருந்த எனக்கும் தாங்கவில்லை.

அம்மா பின்கட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு வாசற்படி வரை வந்து, உள்ளே எட்டிப் பார்க்காமலே தாழ்ந்த குரலில் என்னைக் கேட்டாள்.

"யாருடா வந்திருக்காங்க?"

அந்தச் சிரிப்பு யாருடையது என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.