பொட்டு வைத்த மோட்டார்

பிறர் செய்த வேலையைப் போய்ப் பார்த்துவிட்டு, அது நடந்ததா இல்லையா என்று தடித்த அறிக்கையாக எழுதிக் கொடுப்பது என் தொழில். வெளிநாட்டு நிதியில் நம் நகரங்களுக்கு வரும் குடிநீர்த் திட்டம், குப்பைத் திட்டம், நகர நிர்வாகச் சீர்திருத்தம் எதுவானாலும் கடைசியில் என்னைப் போல் ஒருவன் கோப்பும் கையுமாக வந்து நிற்பான். உங்களுக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு. ஏதாவது ஒரு மண்டபத்தில், ‘மக்கள் பங்கேற்பு’ என்று யாரோ திரையில் அம்புக்குறி காட்டிப் பேசிக்கொண்டிருக்க, ஆறிப்போன கறிபாப் பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டாவியை விழுங்கியிருப்பீர்கள். அந்த உறவில்தான் இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேன்.

என்ன வேலை?

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் பசியாறும் கடையின் முதலாளி ஒருநாள் இந்தக் கேள்வியைக் கேட்டார். கேள்வி எளிது. பதிலை எளிதாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. நான் திட்டம் தீட்டுபவன் அல்லன், நடத்துபவன் அல்லன், அதனால் பயன்பெறுபவனும் அல்லன் என்று தொடங்கினேன். பழைய உரையாசிரியர்களைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள், மூலத்தை வேறொருவர் எழுதியிருப்பார், நான் அதற்குப் பொருள் சொல்லி, குறை சொல்லி, பாடபேதமும் காட்டுவேன் என்றேன். என் தோசை ஆறிக்கொண்டிருந்தது. அவர் முழுவதும் கேட்டார்.

“அப்போ நீங்க சமைக்கவும் மாட்டீங்க, பசியாறவும் மாட்டீங்க, சாம்பார் எப்படின்னு மட்டும் சொல்வீங்க. நல்ல வேலைலா, பாஸ்!”

மேலும் கீழும்

இந்த முறை வந்தது தண்ணீர் வேலை. ஒரே அரசுத் துறைக்குச் சொந்தமான பழைய வாடகை அடுக்குமாடிகள் இரண்டு, ஒன்று கிள்ளானில், மற்றொன்று சுபாங் ஜெயாவில். இரண்டிலும் மின்தூக்கி கிடையாது, மேல்மாடிகளுக்குத் தண்ணீரும் ஏறாது. ஒரு வெளிநாட்டு நிதியம் இரண்டு இடத்துக்கும் ஒவ்வொரு மோட்டார் வாங்கிக் கொடுத்து, அதை நடத்தும் பொறுப்பைக் குடியிருப்போர் குழுவிடம் ஒப்படைத்திருந்தது. அடிப்படைச் சேவைகளைப் பரவலாக்குதல் என்று இதற்குப் பெயர். மேலே இருப்பதைக் கீழே கொடுப்பது என்று பொருள்.

திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் குணா எங்களை வரவேற்றார். எங்களை என்றால், என்னையும் எங்கள் மதிப்பீட்டுக் குழுவின் தலைவி மார்த்தாவையும். மார்த்தா ஐரோப்பாவிலிருந்து வந்தவர். எந்தப் பதிலையும் கேட்டு முடித்தபின் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்துக்குப் பயந்தே பல நாட்டு அதிகாரிகள் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். பம்ப் அறையின் சாவி யாரிடம் என்று கேட்டேன். குழுவிடம். அறையைக் கூட்டிப் பெருக்குவது? குழு. தண்ணீர் வராவிட்டால் திட்டு வாங்குவது? அதுவும் குழு. மோட்டார் பழுதானால் புதிது வாங்குவது? அதற்கு ஷா ஆலமில் உள்ள துறையின் தலைமை அலுவலகம் ஒப்புதல் தர வேண்டுமாம். மார்த்தா பேசாமல் இருந்தார். குணாவால் தாங்க முடியவில்லை.

“பொறுப்பு எல்லாத்தையும் கீழ கொடுத்தாச்சு சார். கையெழுத்து மட்டும்தான் இன்னும் மேலயே இருக்கு.”

புதன்கிழமைத் திரைச்சீலைகள்

கிள்ளான் அடுக்குமாடிக்கு ஒரு புதன்கிழமை போனோம். வாசலில் சாக்கடை கழுவப்பட்டிருந்தது, பம்ப் அறைக்குப் புதுச் சாயம். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில், மோட்டாருக்கு நெற்றி உண்டென்றால், மூன்று விரல் திருநீறு, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம், கழுத்தில் மல்லிகைச் சரம். வேலை செய்யும் எந்த இயந்திரத்துக்கும் நம்மவர்கள் செய்யும் மரியாதைதான். குடியிருப்போர் குழுத் தலைவி சரோஜா அக்கா அப்போதுதான் சூடம் காட்டி முடித்திருந்தார்.

அவர் வீடு மேல்மாடியில். ஏறிப் போனால் எல்லா வீட்டிலும் குழாய் கொட்டுகிறது. வாளி, டிரம், குழம்புச் சட்டிவரை நிரப்பி வைத்திருந்தார்கள். நடைவழி நெடுகத் திரைச்சீலையும் போர்வையும் ஈரமாகத் தொங்கின. உள்ளறையில் பக்கவாதத்தில் படுத்திருந்த அக்காவின் கணவர், தலைக்குக் குளித்து, பவுடர் பூசி, புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தார். சேவையை மக்கள் முழுமையாகப் பயன்படுத்துவதாக மார்த்தா குறித்துக்கொண்டார். எனக்கு ஒரு கெட்ட குணம், பொருந்தாத சிறு விஷயத்தை விட முடியாது. தீபாவளி எங்கேயோ இருக்க, நடு வாரத்தில் கட்டிடமே ஏன் திரைச்சீலை துவைக்கிறது என்று கேட்டேன்.

“நீங்க வந்தாத்தானே தம்பி தண்ணி மேல ஏறுது! போன தடவ உங்க ஆளுங்க வந்தப்போ துவைச்சது, இன்னிக்குத்தான் மறுபடியும் நனையுது.”

சுபாங் ஜெயாவில் சந்தனம்

வெள்ளிக்கிழமை சுபாங் ஜெயா. அங்கும் சாக்கடை கழுவப்பட்டிருந்தது. குழுத் தலைவர் மலாய்க்காரர், செயலாளர் சீனர், இருவரும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் கொடுத்து அன்பாகப் பேசினார்கள். பம்ப் அறையில் மோட்டார் நன்றாக ஓடியது. அதன் நெற்றியில் மூன்று விரல் திருநீறு, நடுவில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம்.

மார்த்தா குனிந்து வெகுநேரம் பார்த்தார். இது பராமரிப்புக் குறியா என்று கேட்டார். தலைவர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் கூரையைப் பார்த்தார். ஆமாம், சோதனை முடிந்ததற்கு அடையாளம் என்று குணா ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என் காதருகே வந்து தமிழுக்கு மாறினார்.

“லோரில ஏத்தும்போது பூவ எடுத்துட்டேன் சார். பொட்ட அழிக்க மறந்துட்டேன்லா.”

சொல்லாமல் போனது

மறுநாள் சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் கொமியூட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். பம்ப் அறை பூட்டியிருந்தது. கம்பி வழியாகப் பார்த்தால் சிமெண்டு மேடையும் நான்கு போல்ட்டும்தான். மாடிப்படியின் பாதி வழியில் சரோஜா அக்கா, பக்கத்தில் வாளியை வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை நிரப்பியது தீர்ந்துவிட்டதாம். கணவரைத் துடைத்துவிட இந்த ஒரு வாளி. அதை நான் தூக்கிக்கொண்டேன். மேல்மாடிக்குப் போவதற்குள் பரவலாக்கம் பற்றி எனக்கு இருந்த கருத்துகள் பல கொட்டிப்போயின, பாதித் தண்ணீரோடு.

மோட்டார் எங்கே என்று அவருக்குத் தெரிந்திருந்தது. “சுபாங்ல இருக்கு. அங்க உள்ளவங்க நல்லா சத்தம் போடுவாங்க, அதனால அங்கயே வச்சிட்டாங்க. உங்களுக்குக் காட்ட மட்டும் இங்க வரும்.” இதை அறிக்கையில் எழுதட்டுமா என்று கேட்டேன். துண்டை நனைத்துப் பிழிந்தபடி கொஞ்சம் யோசித்தார்.

“என்ன வேணும்னாலும் எழுதுங்க தம்பி. அடுத்து வர்ற தேதிய மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க, இவரோட மெத்தை விரிப்பெல்லாம் ஊற வைக்கணும்.”

ஓடுகிற மோட்டார்

திங்கட்கிழமை குணாவைப் பிடித்தேன். மறுக்கவில்லை. சுபாங் ஜெயாவின் மோட்டார் எப்போதோ எரிந்துவிட்டது. அப்போதே புதிது கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். அந்தச் சமயம் பார்த்து எங்களுக்கு முந்திய மதிப்பீட்டுக் குழு வந்தது. மானம் போகக் கூடாதென்று இருக்கிற ஒன்றையே இரண்டு இடத்திலும் காட்டினார். அவர்கள் இரண்டும் சிறப்பாக இயங்குவதாக எழுதிவிட்டுப் போனார்கள். தலைமை அலுவலகம் அதை மேற்கோள் காட்டி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. ஊருக்கெல்லாம் ஓடி ஓடிக் காட்டிய மனிதர், ஓட்டம் நின்றவர் போல நாற்காலியில் சாய்ந்தார்.

“நல்லா ஓடுதுன்னு நீங்களே எழுதிட்டுப் போயிட்டீங்க. ஓடுற மோட்டாருக்கு மாத்து மோட்டார் கேட்டா, என்னப் பாத்து சிரிக்கிறாங்க சார்.”

நடு மதிப்பு

எங்கள் தொழிலில் முடிவு மூன்று வகை. ‘வெற்றி’ என்று எழுதினால் கோப்பை மூடிவிடுவார்கள், அப்புறம் யாரும் வரமாட்டார்கள், கிள்ளானில் யாராலும் திரைச்சீலை துவைக்க முடியாது. ‘தோல்வி’ என்றாலும் மூடுவார்கள், குணாவின் வேலை போகும், இருக்கிற மோட்டார் கிடங்குக்குப் போகும். ‘பகுதி வெற்றி’ என்றால் மட்டும் தொடர் பார்வைக்கு ஆள் அனுப்புவார்கள். இடைவிடாத சேவைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதி, பகுதி வெற்றி கொடுத்தேன். இது உண்மை. பிறகு ஒரு பரிந்துரை சேர்த்தேன். மாதாமாதம் தொடர் பார்வை வேண்டும், தேதியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், ஒப்பீடு பிழையாகாமலிருக்க இரண்டு இடங்களையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், இரண்டு பேர் தனித்தனியே பார்க்க வேண்டும். கடைசியில் சொன்னதை யாரும் இரண்டாம் முறை படிக்கத் துணியாத நடையில் எழுதினேன். அந்த நடை எனக்கு இயல்பாகவே வரும்.

விடுதி முகப்பில் உட்கார்ந்து மார்த்தா அதைப் படித்தார், இரண்டாம் முறையும் படித்தார். படித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். இத்தனை நாள் பிறருக்கு நேர்ந்தது எனக்கு நேர்ந்தது, வாய் திறந்து எல்லாவற்றையும் கொட்டப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அன்றைக்கு நான் குனிந்தது பார்ப்பதற்கு அல்ல, மோந்து பார்ப்பதற்கு. பராமரிப்புக் குறிகள் மணப்பதில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?”

ஒரே நேரம்

அறிக்கை போன கொஞ்ச நாளில் குணா அழைத்தார். தலைமை அலுவலகத்தில் ஒரே அமளியாம். தேதி குறித்துக் கடிதம் வந்துவிட்டது, லோரி எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் நிற்காது. பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்துத் தூசி தட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். சுபாங் ஜெயாவுக்குப் புது மோட்டார் வந்தது, பொட்டு வைத்தது கிள்ளானுக்குத் திரும்பியது. குறித்த நாளில் நான் கிள்ளானுக்கும் இன்னொருவர் சுபாங் ஜெயாவுக்கும் போனோம். இரண்டு இடத்திலும் ஓடியது.

நான் திரும்பி வந்த பிறகு கிள்ளான் மோட்டாரைக் கழற்ற யாருக்கும் காரணம் இருக்கவில்லை. இருந்த இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியாது, சரோஜா அக்கா தொலைபேசியில் கூப்பிடும்வரை. குரலில் மகிழ்ச்சி இல்லை, கவலைதான் இருந்தது.

“தம்பி, நீங்க போயும் தண்ணி நிக்கவே இல்ல. இவருக்கு தினம் குளியல், துவைக்க வீட்டுல இனி ஒரு துணி பாக்கி இல்ல. இன்னும் யார் வர்றாங்க? மறைக்காம சொல்லுங்க!”

இத்தனை வருடத்தில் நான் எழுதிய பரிந்துரைகளில் முழுதாக நிறைவேறியது இது ஒன்றுதான், அதுவும் அது எதற்காக எழுதப்பட்டது என்பது அறிக்கையில் எங்கேயும் இல்லாததால்.