ஹெப்பகோடியின் ஐந்தேகால் கட்டை

பள்ளிக்கூடங்களில் ரெக்கார்டிங் ரூம் போட்டுக் கொடுக்கிற தொழிலில் இரண்டே எதிரிகள்: ஒன்று சத்தம், இன்னொன்று "எங்க மேடம் சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்கிற ஆள். மைக்கும் கேபிளும் தூக்கிக்கொண்டு அலைகிற என் இனத்தாரே, இதைப் படித்ததுமே உங்களுக்கு வயிறு எரிந்திருக்கும். பரவாயில்லை, மேலே படியுங்கள். இது நாம் ஜெயித்த கதை. நம் தொழிலில் அது அடிக்கடி நடக்கிற சங்கதி இல்லை என்பதால் கொஞ்சம் பீற்றிக்கொண்டுதான் சொல்லப்போகிறேன்.

முட்டை அட்டை

என் பெயர் ரீட்டா. வீடு பெங்களூர் பிரேசர் டவுனில். வேலை வந்ததோ ஊரின் மறுகோடியில், ஹெப்பகோடியில் ஒரு தனியார் பள்ளியில். சுற்றிலும் இருக்கிற கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்க்கிறவர்களின் பிள்ளைகள் படிக்கிற இடம். மெட்ரோ மாறி மாறிப் போய் இறங்கினால், சேர்மன் நாராயணப்பா வாசலிலேயே காத்திருந்தார். கன்னடக்காரர், தமிழ் சரளமாகப் பேசுவார். நேரே மியூசிக் ரூமுக்குக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்தார். சுவர், கூரை, கதவின் பின்புறம் எல்லாம் முட்டை அட்டை! ரூம் முழுக்கக் கோழிப்பண்ணை வாசனை. "சவுண்ட் ப்ரூஃப் நானே பண்ணிட்டேன் மேடம், நீங்க மைக் மட்டும் மாட்டினா போதும்" என்றார்.

முட்டை அட்டை எந்தச் சத்தத்தையும் தடுக்காது. பல்லி குடியிருக்க வசதி, அவ்வளவுதான். இதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று யோசிக்கும்போதே காதில் விழுந்தது ஓர் உறுமல். ம்ம்ம்ம் என்று மூச்சு விடாமல். ஜன்னலைத் திறந்தால், காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மர். "சார், இதைத் தள்ளி வைக்காம இங்க எதையும் ரெக்கார்ட் பண்ண முடியாது" என்றேன். "எதை மேடம்?" என்றார். பார்த்தீர்களா, இரண்டாவது எதிரி!

மூலையில் ஒரு கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார் மியூசிக் டீச்சர் ஸ்டெல்லா மிஸ். கே.ஜி.எஃப்., அதாவது கோலார் தங்கவயல் பெண். சர்ச் கொயரில் பாடி வளர்ந்து, பிறகு முறையாகக் கர்னாடக சங்கீதமும் படித்தவர். அவரை வைத்துக்கொண்டே சேர்மன் விஷயத்தைப் போட்டு உடைத்தார். ஒரு கோச்சிங் சென்டர்காரர் இந்த ரூமைக் கேட்கிறாராம். ஆண்டு விழாவில் பிள்ளைகள் பாடுகிறதைக் கேட்டுப் பெற்றோர்கள் அசந்துபோனால் ரூம் மியூசிக்குக்கு. இல்லையென்றால் மறுநாளே கோச்சிங்குக்கு. "அப்போ மிஸ்?" என்று கேட்டேன். ஸ்டெல்லா மிஸ் துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சேர்மன் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்:

"நல்ல வாய்ஸ் மேடம் அவங்களுக்கு. அட்மிஷன் கவுன்ட்டர்ல உக்கார வச்சு போன் எடுக்கச் சொல்லிடலாம்."

ஒயர் இல்லாத வினை

ஒயர் வைத்த ஹெட்போன் வேண்டும் என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். சேர்மன் பளபளவென்று ப்ளூடூத் ஹெட்போன்கள் வாங்கி அடுக்கியிருந்தார். "ஒயரெல்லாம் பழைய காலம் மேடம்" என்று எனக்கே பாடம். நம் ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ப்ளூடூத்தில் சத்தம் காதுக்கு வந்து சேரக் கண் சிமிட்டுகிற நேரம் பிடிக்கும். சினிமா பார்க்க அது போதும். கூடவே பாட முடியாது.

எங்கள் திட்டம், முதல் குழு பாடியதை இரண்டாவது குழு காதில் கேட்டுக்கொண்டே மேலே பாடுவது, அதைக் கேட்டுக்கொண்டு மூன்றாவது குழு, பிறகு நாலாவது. மாடி மேல் மாடி கட்டுகிற மாதிரி. ஒவ்வொரு மாடியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய், பாட்டு முடிந்த பிறகும் பிள்ளைகள் முடித்துக்கொண்டே இருந்தார்கள். சேர்மன் வாங்கியதை அவர் காதிலேயே போட்டுக் கேட்கட்டும் என்று அப்படியே போட்டுக் காட்டினேன். மனிதர் கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார்.

"ஏனு மேடம் இது? சில்க் போர்டு சிக்னல்ல மாட்டிக்கிட்டு ஒவ்வொருத்தரா வந்து சேர்ற மாதிரி இருக்கே!"

மறுநாள் ஒயர் ஹெட்போன் வந்துவிட்டது.

மிஸ்ஸுக்கு மார்க்

பாடினால் மார்க் போடுகிற சாஃப்ட்வேர் ஒன்றும் ரெக்கார்டிங் சாமான் பெட்டியோடு வந்திருந்தது. சுருதியில் நின்றால் பச்சை, விலகினால் சிவப்பு. அதை ஓரமாக வைத்திருந்தேன். சேர்மன் கண்ணில் அது பட்டுத் தொலைத்தது. கோச்சிங் சென்டர்காரர் டேப் வைத்து ரூமை அளந்துகொண்டிருந்த நாள் பார்த்து, "மிஸ், நீங்க பாடுங்க, சாருக்குக் காட்டுவோம்" என்றார்.

ஸ்டெல்லா மிஸ் ஓர் ஆலாபனை எடுத்தார். ஐயோ, என்ன பாட்டு! ஸ்வரத்தை அசைத்து, இழைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிப்போகிற அந்தக் கமகத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. திரையைப் பார்த்தால் ஒரே சிவப்பு. ஸ்வரம் ஆடாமல் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் அந்த மெஷினுக்குத் தெரிந்த சங்கீதம். பாஸ் மார்க்கே வரவில்லை. "நான் ட்ரை பண்றேன்" என்று சேர்மன் மைக்கைப் பிடித்து, கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி 'ஆ' என்று ஒரே இழுப்பு. பச்சையோ பச்சை.

"அந்த மெஷினை நம்பாதீங்க சார், காதால கேட்டீங்க இல்ல?" என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. டேப்காரர் சிரித்தார். ஸ்டெல்லா மிஸ் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த லேப்டாப்பை ஜன்னல் வழியாக டிரான்ஸ்ஃபார்மர் மேலேயே வீசியிருப்பேன். சேர்மனுக்கு மட்டும் முகமெல்லாம் பூரிப்பு:

"நோடி மேடம், பாருங்க, மிஸ் இல்லாட்டி நானே மியூசிக் கிளாஸ் எடுக்கலாம் போல இருக்கே!"

பிள்ளைகள் ஏறுகிறார்கள்

ஆண்டு விழாவுக்கு ஸ்டெல்லா மிஸ் தானே மெட்டுப் போட்ட ஒரு மழைப் பாட்டு. பின்னணிக் கீபோர்டு ட்ராக்கை ஐந்து கட்டைச் சுருதியில் தயார் பண்ணினேன். நேரான மெட்டு, கமகம் கிமகம் கிடையாது. ஆகவே அந்த மார்க் மெஷினைச் சுருதி பார்க்க மட்டும் வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் சரியாகத்தான் ஆரம்பிப்பார்கள். இரண்டாவது சரணம் வருவதற்குள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போலக் கொஞ்சம் மேலே ஏறியிருப்பார்கள். ஐந்தரைக் கட்டை வரைக்கும் ஏறினாலாவது அதுதான் அவர்களுக்கு வசதியான சுருதி என்று ட்ராக்கை மாற்றிவிடலாம். ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில், ஹார்மோனியத்தில் கட்டையே இல்லாத இடத்தில் போய் நிற்பார்கள். எத்தனை தடவை பாடினாலும் அதே இடம். எனக்குத் தலை சுற்றியது. "மிஸ், இதுங்களுக்குக் காதே இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் அன்றைக்கு என்னோடு டீ குடிக்க வரவில்லை.

ஒரு நாள் பாடிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ட்ராக் ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளைகளும் நிறுத்தவில்லை. முதல் சரணம் பச்சை. இரண்டாவதும் பச்சை! நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது கரன்ட் வந்தது. வெளியே ம்ம்ம்ம் என்று உறுமல் கிளம்பியது. பிள்ளைகள் மெள்ள மெள்ள ஏறினார்கள். சிவப்பு.

சுருதி காட்டுகிற ஆப்பைப் போனில் திறந்துகொண்டு சுவர் ஓரத்துக்கு ஓடினேன். டிரான்ஸ்ஃபார்மர் பாடுகிறது, ஐந்தேகால் கட்டை! காலை அசெம்பிளி நடக்கிற இடமும் அதே சுவர் ஓரம்தான். வருஷக்கணக்காகப் பிரார்த்தனைப் பாட்டைப் பிள்ளைகள் அதற்குப் பக்கத்தில் நின்றுதான் பாடுகிறார்கள். காது இல்லாத பிள்ளைகளா? எங்கள் எல்லோரையும்விட நல்ல காது! உள்ளே வந்து ட்ராக்கையும் மார்க் மெஷினையும் கால் கட்டை ஏற்றினேன். பாடச் சொன்னோம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பச்சை. நான் இத்தனை நாள் சண்டை போட்ட உறுமலைக் காணவே காணோம், தம்புரா மாதிரி பாட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. நான் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன். ஸ்டெல்லா மிஸ் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்:

"இப்ப சொல்லுங்க சிஸ்டர், காது யாருக்கு இல்ல?"

கரன்ட் போன மேடை

பள்ளி மைதானத்தில் ஷாமியானா போட்டு ஆண்டு விழா. ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி யூனிஃபார்மோடு வந்த அப்பாக்கள், டிஃபன் பையோடு வந்த அம்மாக்கள். முன்வரிசையில் சேர்மன், பக்கத்தில் நம் டேப்காரர், நடுவில் ஒரு தட்டு முந்திரி. ஸ்டெல்லா மிஸ் என் பக்கத்தில் வந்து நின்றார். "போன் எடுக்குற வேலைக்கு இப்பவே 'ஹலோ' பழகிக்கட்டுமா சிஸ்டர்?" என்றார் சிரித்துக்கொண்டே. நான் கேபிள்களை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.

பாட்டு ஆரம்பித்து முதல் சரணம் முடிகிற இடம். டப்! விளக்கு, ஸ்பீக்கர், மைக், ஃபேன், டிரான்ஸ்ஃபார்மர், எல்லாம் அவுட். ஜெனரேட்டர்காரர் எங்கோ பிரியாணி சாப்பிடப் போயிருந்தார். என் காதில் ஒயர் ஹெட்போன். லேப்டாப் பேட்டரியில் ட்ராக் எனக்கு மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஸ்பீக்கருக்குப் போகிற சத்தத்தை முழுக்க இறக்கி வைத்துவிட்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கித் தாளம் போட ஆரம்பித்தேன். ஸ்டெல்லா மிஸ் என் கையைப் பார்த்தார், பிள்ளைகள் அவர் கையைப் பார்த்தார்கள். ஒரு பிள்ளையாவது நிறுத்தணுமே! மைக் இல்லை என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் வாயைத் திறந்து பாடினார்கள். முறுக்குத் தின்கிற சத்தம்கூட நின்றுபோய்க் கூட்டம் கப்சிப்.

கடைசிச் சரணத்தில் கரன்ட் வந்தது. ட்ராக்கை மெள்ள மெள்ள ஏற்றினேன். மயிரிழை பிசகவில்லை! தாளத்திலும் இல்லை, சுருதியிலும் இல்லை. பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லாமல் நின்று, அந்தப் பிள்ளைகள் ஐந்தேகால் கட்டையை விடவே இல்லை. வாத்தியங்கள் எப்போது வந்து சேர்ந்தன என்று யாருக்கும் தெரியாது, திடீரென்று மழை கொட்டுகிற மாதிரி எல்லாம் சேர்ந்து முழங்கியது. அப்பாக்கள் நாற்காலி மேல் ஏறி விசில் அடித்தார்கள். நான் அழுதுவிட்டேன், வெட்கமே இல்லாமல். டேப்காரர் முந்திரியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். சேர்மன் மேடைக்கே ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்:

"வேணும்னே கரன்ட்டை நிறுத்தி டெமோ காட்டுனீங்க பாருங்க, சூப்பர் மேடம்! முன்னாடியே சொல்லியிருந்தா ஜெனரேட்டர்காரனை அவ்வளவு திட்டியிருக்க மாட்டேனே!"

சேர்மன் தந்த பரிசு

அதோடு நிறுத்தினாரா? மைக்கைப் பிடித்தார். மியூசிக் ரூம் மியூசிக்குக்கே, ஸ்டெல்லா மிஸ் அங்கேதான் இருப்பார், கோச்சிங்குக்குத் தன்னுடைய ஆபீஸ் ரூமைக் கொடுக்கிறேன் என்று அறிவித்தார். கைத்தட்டல் அடங்கவில்லை. ஸ்டெல்லா மிஸ் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சேர்மனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இன்னொரு சந்தோஷ சமாச்சாரம். ரீட்டா மேடம் வந்த நாள்லேர்ந்து ஒண்ணு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நானும் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சேன். இன்னைக்கு ஆர்டர் வந்தாச்சு. அந்த டிரான்ஸ்ஃபார்மரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்கிறாங்க!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானும் ஸ்டெல்லா மிஸ்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சேர்மன் முன்னால் குரலை உயர்த்திப் பேசியே பழக்கமில்லாத அந்தப் பெண், நாலே எட்டில் மேடையைக் கடந்து அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்:

"பேடா சார், வேணாம்! அதைத் தொடாதீங்க சார், அது எங்க மியூசிக் டிபார்ட்மென்ட் ஸ்டாஃபு!"

உறுமலை ஒழிக்கச் சொல்லி மனுக் கொடுக்காத சவுண்டுக்காரர் இந்த உலகத்தில் கிடையாது. ஒழிந்துபோக இருந்த உறுமலை இருந்த இடத்திலேயே இருக்க விடுங்கள் என்று மறுபடி மனுக் கொடுத்து, அதிலும் ஜெயித்தவள் அடியேன் ஒருத்திதான்.